காலியாக விட்ட கட்டம்

அத்தியாயம் 9

போன வாரம் லோகேஸ்வரியைக் கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் எல்லாரும் எழுந்து போய்விட்டோம். அவள் எழுந்திருக்கவில்லை, பாவம்.

ஞாபகம் இருக்கிறதா, தங்கங்களே? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்காரி. பகலில் ரவிக்கை தைக்கிறவள். மற்ற நேரத்தில் ஒரு வார இதழுக்குத் தொடர்கதை எழுதுகிறவள். அந்தக் கதையில் வரும் அண்ணனையும் தம்பியையும் சண்டை போட வைத்துவிட்டாள். அதற்குமேல் எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. ஆசிரியர் திருச்செல்வம் போனுக்கு மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், வருவது வரட்டும் என்று எழுதினாள். ஒரு ரயில் நிலையம் வந்தது. ஊரை விட்டுப் போகும் தம்பியை வழியனுப்ப அண்ணன் டிபன் கேரியரோடு நிற்கிறான். தம்பி வரவில்லை. ரயில் போய்விடுகிறது. அண்ணன் அந்தச் சாப்பாட்டைத் தானே உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் சின்ன அறைச் சுவரைப் பார்த்தாள். அதே காட்சி அங்கே ஒரு பச்சைக் கட்டத்துக்குள், அதை எப்போதோ அவளிடம் சொல்லியிருந்த கணவர் பரமேஸ்வரனின் கையெழுத்தில், 'ஸ்டேஷன்' என்ற ஒற்றை வார்த்தையாக இருந்தது.

தெரிந்து எடுத்தாளா, தெரியாமல் எடுத்தாளா? அவளே இன்னும் அதைத் தனக்குள் முடிவு செய்யவில்லை. நாமும் அவசரப்பட வேண்டாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதழ் கடைக்கு வந்துவிட்டது.

இன்றைக்குத்தான் குகனுக்குப் படையலும்.

குகன் பரமேஸ்வரனின் தம்பி. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புதிதிலேயே கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோனவன். வருஷா வருஷம் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது அவர்களுடைய அக்கா தனலெட்சுமி. தாய் தகப்பன் போனபிறகு, கல்யாணமே கட்டிக்கொள்ளாமல் தம்பிகள் இருவரையும் ஆளாக்கியவள். கிள்ளானில் தனியாக இருக்கிறாள்.

லோகேஸ்வரி விடிந்ததும் முதல் வேலையாக இதழை வாங்கி வந்து அரிசிப் பானைக்கு அடியில் தள்ளினாள். தள்ளிவிட்டு, ஊரில் அந்த ஒரு பிரதிதான் இருக்கிறது என்பதுபோல மூச்சு விட்டாள்.

பரமேஸ்வரன் மாலை வாங்கப் போயிருந்தார். பொதுப்பணி இலாகாவில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். சின்ன அறைச் சுவரில் மாஜோங் பேப்பர் எனும் பெரிய வெள்ளைத்தாளை ஒட்டி, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒரு நாவலுக்குத் திட்டம் வைத்திருந்தார். நீலம் என்றால் அண்ணன், சிவப்பு என்றால் தம்பி, பச்சை என்றால் இருவருக்கும் பொதுவானது. வெயிலில் பேப்பர் மஞ்சளாகிப்போனால் புதிது வாங்கி மறுபடி வரைவார். ஒரே ஒரு கட்டம் மட்டும் எப்போதும் காலி. அது நிறையும்வரை முதல் வரியை எழுத மாட்டேன் என்று பிடிவாதம்.

"ஒரு லோங்காங் வாய்க்கா வெட்டறதுன்னாலும் பிளான் வேணும், லோகா. தண்ணி எங்க போய் விழும்னு தெரியாம மண்வெட்டியத் தூக்குவாங்களா?" என்பார்.

"நான் தூக்கறேனே! நான் வெட்டின லோங்காங்குல வாராவாரம் தண்ணி ஓடுது. உங்கது இன்னும் செவுத்துலதான் இருக்கு" என்பாள் இவள்.

சிரித்துக்கொள்வார்கள். அப்படித்தான் இத்தனை காலமும் ஓடியது.

இன்று கையில் பூமாலையோடு திரும்பி வந்தவர் சிரிக்கவில்லை. "கிளம்பலாமா?" என்றார், அவ்வளவுதான்.

கார் ஃபெடரல் ஹைவேயில் ஏறியது. லோகேஸ்வரி மடியில் மாலையை வைத்துக்கொண்டு அதன் நாரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியபோது பரமேஸ்வரன் வாயைத் திறந்தார்.

"பூக்கடை தம்புசாமி உன்னப் பாராட்டினான்" என்றார்.

அவள் கையில் ஒரு பூ உதிர்ந்தது.

"'உங்க வீட்டம்மா இந்த வாரம் அழ வச்சிட்டாங்க லா, பாஸ்' அப்படின்னான். அந்தப் பக்கத்தப் பிரிச்சே காட்டினான். கடையில நின்னமேனிக்குப் படிச்சேன்."

"நீங்கதான் தொடர்கதையே படிக்க மாட்டீங்களே."

"இன்னிக்குப் படிச்சேன்."

அவளுக்குக் காது சுட்டது. "நான் வேணும்னு பண்ணலீங்க. கையில ஒண்ணுமே இல்ல. எழுத எழுத அதுவா வந்துடுச்சு."

"உனக்கு எல்லாமே அதுவாத்தானே வரும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"தப்புத்தாங்க. உங்க காட்சிய எடுத்துட்டேன். திருச்செல்வம் சார்கிட்ட சொல்றேன், இது என் வீட்டுக்காரரோட கற்பனைன்னு அடுத்த வாரம் ஒரு வரி போடச் சொல்றேன்."

"கற்பனைன்னு நான் எப்ப சொன்னேன்?"

சுபாங் பக்கத்தில் வண்டிகள் நெரிந்து நின்றன. முன்னால் ஒரு லோரி. அதன் பின்பக்கச் சகதியைப் பார்த்துக்கொண்டே பரமேஸ்வரன் பேசினார்.

"நாவல்ல ஒரு இடம் இருக்குன்னுதான் உன்கிட்ட சொன்னேன். கற்பனைன்னு சொல்லல. குகன் வரல, லோகா. பழைய கே.எல். ஸ்டேஷன்ல நின்னேன். ரயில் போனப்புறமும் நின்னேன். அவன் வரவே இல்ல."

லோகேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை வேறு. அவள் மருமகளாக வந்த நாள் முதல் கேட்டது அதைத்தான். அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்க் காப்பார் ஊரில் கூட்டாளிகளோடு தங்கியிருந்த குகன், சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வந்தான். அக்கா கொடுத்துவிட்ட நெத்திலி சம்பலையும் சோற்றையும் பெஞ்சில் உட்கார்ந்து வழித்துத் தின்றான். 'அக்கா கை அக்கா கைதான்' என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான். படையல் தோறும் தனலெட்சுமி இதைச் சொல்லாமல் இருந்ததே இல்லை. கடைசியா என் கையாலதான் சாப்பிட்டான் என்று முடிப்பாள். முடித்ததும் முகம் தெளிந்துவிடும்.

"அப்ப அண்ணிகிட்ட..."

"பொய்தான். காலி டிபனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினவ முகத்தப் பாத்தேன். வாயில அதுதான் வந்துச்சு. பிளான் பண்ணிச் சொன்ன பொய் இல்ல." அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "எப்படிப் போனான், பஸ்ஸா, எவனாவது லோரியில ஏத்திட்டுப் போனானான்னு எதுவும் தெரியாது. அந்த மாசமே விழுந்து செத்தும் போயிட்டான். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"அதனாலதான் நீங்க எழுதவே ஆரம்பிக்கலையா?"

"பிளான் போட்டா யாருக்கும் வலிக்காது, லோகா. எழுதினாத்தான் வலிக்கும். அக்கா இருக்கற வரைக்கும் செவுத்துலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

லோரி நகர்ந்தது. இவர்களும் நகர்ந்தார்கள்.

அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. துடைத்தால் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியாத மாதிரி அவரும் ஓட்டினார். அந்த டிபன் கேரியரின் மேல்மூடி வேறு செட்டிலிருந்து வந்தது, சரியாகப் பொருந்தாமல் நடக்கும்போது டக் டக்கென்று ஆடும் என்றுகூட அவள் எழுதியிருந்தாள். அண்ணி வீட்டு அலமாரியில் இருக்கும் அதே மூடி. ஆட்களின் பெயரை மாற்றத் தெரிந்தவளுக்கு மூடியை மாற்றத் தோன்றவில்லை.

"அண்ணி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னையத்தானே படிக்கச் சொல்லுவாங்க" என்றாள். தனலெட்சுமிக்கு ஒரு கண்ணில் புரை எடுத்து, மறுகண்ணுக்குத் தேதி வாங்கியிருந்தது. பொடி எழுத்து தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து போனிலாவது லோகேஸ்வரி அத்தியாயத்தைப் படித்துக் காட்டியாக வேண்டும். "இன்னிக்கு நேர்லேயே போறோம். என்ன பண்றது?"

"படி."

"என்னங்க!"

"இதழைக் கையில வச்சிக்க. வாய்ல வேற ஒண்ண படி. பிளான் இல்லாமத்தானே எழுதறே? இன்னிக்கு வாயாலேயே எழுது." கேலி மாதிரி ஆரம்பித்தவர் கெஞ்சலில் முடித்தார். "தம்பி வரட்டும், லோகா. வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

கிள்ளானில் தனலெட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடி. சீவி முடித்த நரைமுடி. வீடு முழுக்க சம்பல் வாசம்.

"வாடா பரமா. மாலை வாடலியே? வா லோகா. என்ன, உன் புருஷன் அந்தக் கட்டத்த நிரப்பிட்டாரா இல்லியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"நிரப்பாட்டி போகட்டும், பேப்பர் விக்கறவனாச்சும் பொழைக்கட்டும்."

எப்போதும் போலத்தான் பேசினாள். லோகேஸ்வரிக்கு நெஞ்சுக்குள் ஒரு சுருக்கு அவிழ்ந்தது. தெரியவில்லை, அண்ணிக்கு ஒன்றும் தெரியவில்லை.

குகன் படத்துக்கு மாலை போட்டார்கள். வாழை இலையில் சோறு, கோழிக் கறி, அவித்த முட்டை, அவன் விரும்பிக் குடிக்கும் ஆரஞ்சு சர்பத். நெத்திலி சம்பல் மட்டும் இலையில் இல்லை. அது எப்போதும் அந்தப் பழைய டிபன் கேரியரில்தான். பொருந்தாத மேல்மூடியோடு அது இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. லோகேஸ்வரி அதைப் பார்க்காமல் ஊதுவத்தியைப் பார்த்தாள்.

தனலெட்சுமி சாம்பிராணி காட்டினாள். வழக்கமாக அப்போது, 'வாடா, அன்னிக்குச் சாப்பிட்ட மாதிரி இன்னிக்கும் வந்து சாப்பிடு' என்பாள். இன்று, "வாடா" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பரமேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். புகைதான் தெரிந்தது.

படைத்தபின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும். போனவர்கள் கூச்சப்படாமல் வந்து சாப்பிட வேண்டும் அல்லவா? சற்று நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். மூவரும் கார் நிறுத்தும் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"அவன் சாப்பிடட்டும். அதுக்குள்ள நீ படி, லோகா" என்றாள் தனலெட்சுமி. இதழ் அவள் மடியிலேயே இருந்தது.

லோகேஸ்வரி அதை வாங்கிப் பிரித்தாள். அவளுடைய பெயர். அவளுடைய எழுத்து. 'ரயில் போய்விட்டது. தம்பி வரவில்லை' என்று முதல் வரி அச்சில் நின்றது.

அவள் படித்தாள்:

"ரயில் வருவதற்கு முன்பே தம்பி வந்துவிட்டான்..."

கண் ஒன்றைப் பார்க்க, வாய் வேறொன்றைச் சொன்னது. தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஓடி வந்தான். அண்ணனைப் பார்த்ததும் நடையைச் சுருக்கினான், கோபம் தீராதவன் மாதிரி. டிபன் மூடி டக்கென்று ஆடியதும் சிரித்துவிட்டான். 'இன்னும் இந்த மூடியதான் வச்சிருக்கீங்களா?' பெஞ்சில் சப்பணம் கட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். காரத்துக்கு மூக்கை உறிஞ்சினான். அக்கா எப்படி இருக்கா என்று கேட்கவில்லை. ஆனால் கடைசிப் பருக்கைவரை தின்றுவிட்டு, டிபனைப் பிளாட்பாரக் குழாயில் தானே கழுவி அண்ணனிடம் கொடுத்தான்.

நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லச் சொல்ல லோகேஸ்வரிக்கு இனித்தது. அச்சில் இருந்ததைவிட இது நன்றாக வருகிறதே என்று ஒரு சந்தோஷம். அடுத்த கணமே, இந்த நேரத்திலா இந்த நினைப்பு என்று உடம்பு கூசியது. பக்கத்து நாற்காலியில் பரமேஸ்வரன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது.

"...தம்பி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். அண்ணன் பிடித்துக்கொண்டான். ரயில் நகர்ந்தது." இதழை மூடினாள். "அவ்வளவுதான் அண்ணி."

தனலெட்சுமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "அந்தக் குழாய்ல டிபன் கழுவினது ரொம்ப நல்லா இருக்கு. குகன் கழுவவே மாட்டான். அதான் கதை." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "காலையில பூ கொடுக்க வந்த கண்ணம்மா படிச்சது வேற மாதிரி இருந்துச்சு."

பக்கத்து வீட்டில் யாரோ வானொலியை நிறுத்தினார்கள். அல்லது லோகேஸ்வரியின் காதுதான் அடைத்துப்போனது.

"அண்ணி, அது... நான் கற்பனையா..."

"நீ இரு." தனலெட்சுமி அவளைப் பார்க்கவில்லை. "பரமா. குகன் வந்தானா?"

பரமேஸ்வரன் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

"வரலக்கா."

"அப்ப யாருடா சாப்பிட்டது?"

"நான்தாங்கா. ஆறிப் போயிருந்துச்சு. அப்படியே திருப்பிக் கொண்டுவந்தா உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு முழுசாச் சாப்பிட்டேன். தொண்டையில எறங்கல. தண்ணி குடிச்சுக் குடிச்சு எறக்கினேன்." அறுபதைத் தாண்டிய மனிதர் சின்னப் பையன் மாதிரி உள்ளங்கையால் மூக்கைத் துடைத்தார். "மன்னிச்சுக்கக்கா. இவ எழுதினதுக்கும் நான்தான் காரணம். இவளுக்கு நிஜம்னு தெரியாது."

"நிஜம்னு தெரியாது. உங்களுதுன்னு தெரியும்" என்றாள் லோகேஸ்வரி. அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைக்கவில்லை. "எழுதும்போதே எங்கயோ தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு வேணும்னு இருந்துட்டேன் அண்ணி."

தனலெட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் கோபப்படவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலையில குகன் போன் பண்ணான்" என்றாள்.

"என்ன?" என்றார் பரமேஸ்வரன்.

"நீ டிபனைத் தூக்கிட்டுப் போனப்புறம். காப்பார்லேருந்து. நான்தான் எடுத்தேன். அவன் ஒண்ணு கேட்டான். நான் ஒண்ணு சொன்னேன். சொல்லக்கூடாதது. போனை வச்சதுலேருந்து வாசப்படியிலேயே உட்காந்திருந்தேன். சாயங்காலம் நீ வந்து, வந்தான்கா, சாப்பிட்டான்கா, அக்கா கை அக்கா கைதான்னான்கான்னு சொன்ன." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் சொன்னதக் கேட்டப்புறமும் வந்து சாப்பிட்டிருக்கான்னா, மன்னிச்சிட்டான்னு அர்த்தம். அத வச்சிட்டுத்தான்டா இத்தன வருஷம் நான் சோறு தின்னேன்."

சுவரில் அந்த ஒரு கட்டம் ஏன் நிறையவே இல்லை என்று இப்போது பரமேஸ்வரனுக்குத் தெரிந்தது. தம்பி ஏன் வரவில்லை என்ற பதில்தான் அங்கே வர வேண்டியது. அதை அவர் ஊரெல்லாம் தேடினார், கிள்ளானில் மட்டும் தேடவில்லை.

"என்னக்கா சொன்ன அவன்கிட்ட?"

தனலெட்சுமி சிரித்த மாதிரி இருந்தது.

"யார்கிட்ட சொல்றது? உன்கிட்ட சொன்னா கட்டத்துல எழுதி, செவுத்துல ஒட்டி, சாகற வரைக்கும் பாத்துட்டே இருப்ப. இவகிட்ட சொன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை கண்ணம்மா எனக்கே படிச்சுக் காட்டுவா."

லோகேஸ்வரி எழுந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். "எழுத மாட்டேன் அண்ணி. சத்தியமா எழுத மாட்டேன்."

"சத்தியமெல்லாம் வேணாம், லோகா. நீ என்ன எழுதப்போறேன்னு உனக்கே தெரியாதே."

அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். படையல் அறைக் கதவருகே போனாள். 'சாப்பிட்டு முடிச்சிருப்பான்' என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே தட்டுகிற கதவு. கையைத் தூக்கினாள். தட்டவில்லை. உள்ளே அவன் வராமல் போயிருந்தால்?

பரமேஸ்வரன் பின்னால் போய் நின்றார். அக்காவைத் தொடலாமா வேண்டாமா என்று அவர் கை பாதியில் நின்றது.

லோகேஸ்வரி தரையிலேயே இருந்தாள். புதன்கிழமை திருச்செல்வம் கூப்பிடுவார். ஒன்றும் இல்லை சார், கதை நின்றுபோச்சு என்று சொல்லிவிட வேண்டும். மனசுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, அதற்கு அடியிலிருந்து வேறொரு வரி தானாக எழுந்து நின்றது. அவள் கூப்பிடவில்லை, அதுவாகவே வந்தது.

'அன்று காலை அந்த வீட்டில் டெலிபோன் மணி அடித்தபோது, அக்கா கையில் சம்பல் ஈரம் இன்னும் காயவில்லை.'

அவள் அதை விழுங்கினாள். இறங்கவில்லை.